மீன் கறி வைக்கலாம், டுரியான் உடைக்கலாம்: பாலிக் புலாவ் மரவீடு

விடுமுறைக்கு வீடு தேடும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி, "உங்கள் அடுப்பில் கறி வைக்கலாமா?" என்பதுதான். நீச்சல் குளம், கடல் காட்சி எல்லாம் அப்புறம். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், பள்ளிப் பிள்ளைகள், வேலைக்குப் போகும் நாங்கள் என்று மூன்று தலைமுறை சேர்ந்து போகிற குடும்பத்துக்குச் சமையலறைதான் முக்கியம். மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டால் மாமியாருக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது, கையிலும் காசு நிற்காது.

சில வருடங்களுக்கு முன் பினாங்கின் வடக்குக் கடற்கரைப் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். படத்தில் அடுப்பு, சட்டி, குளிர்பெட்டி எல்லாம் இருந்தன. போய்ச் சேர்ந்த பிறகுதான் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. மசாலா சமையல் கூடாது, வாசனை தங்கினால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தது. அன்று முழுக்க மாமியார் ரொட்டியும் பிஸ்கட்டும் சாப்பிட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நம் வீட்டுச் சாப்பாட்டின் வாசனையை அழுக்குக் கணக்கில் சேர்க்கிற இடத்துக்கு என் பணத்தைக் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அதனால் பினாங்குத் தீவின் மேற்குப் பக்கத்து ஊரான பாலிக் புலாவில், சுங்கை பூரோங் வயல் பக்கம் உள்ள இந்த மரவீட்டுக்குப் போன் செய்தபோதும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். எடுத்தவர் வீட்டுக்காரம்மா, மலாய்க்காரர். "என்ன கறி? மீனா, கோழியா?" என்று திருப்பிக் கேட்டார். மீன் என்றேன். "அப்படியானால் மீனைக் கோலாலம்பூரில் (கே.எல்) இருந்து தூக்கி வராதீர்கள், இங்கே புலாவ் பெத்தோங் படகுத்துறையில் வாங்கலாம்" என்றார். பன்றி இறைச்சி மட்டும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம் என்றார். அதோடு அவராகவே இன்னொன்றும் கேட்டார்: "உங்கள் வீட்டில் பெரியவர் யாராவது மாட்டிறைச்சி சமைத்த பாத்திரத்தில் சாப்பிடமாட்டார்களா? அவர்களுக்கென்று தனியாகச் சட்டி வைத்திருக்கிறேன்." நான் வாய் திறந்து கேட்கத் தயங்கியிருக்கக் கூடிய விஷயம் அது. உடனே முன்பணம் கட்டிவிட்டேன்.

கே.எல் செந்தூலில் இருந்து நாங்கள் ஐந்து பேர்: மாமியார், கணவர், நான், இரண்டு பிள்ளைகள். பட்டர்வொர்த்தில் இருக்கும் நாத்தனார் குடும்பம் நான்கு பேர் அங்கே வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒன்பது பேருக்கும் இடம் தாராளமாக இருந்தது. ஜூன் மாதப் பள்ளி விடுமுறை, டுரியான் விழுகிற காலம்.

வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கே.எல்-லில் இருந்து வருகிறவர்கள் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பத்து காவானில் பிரிந்து இரண்டாவது பாலத்தில் ஏறிவிடுங்கள். 2014-இல் திறந்த 24 கிலோமீட்டர் பாலம். காருக்கு டோல் 7 வெள்ளி (ரிங்கிட்), தீவுக்குள் போகும்போது மட்டும். பத்து மாவுங்கில் இறங்கி, தெலுக் கும்பார் வழியாக மலையைச் சுற்றிப் போனால் பாலிக் புலாவ் வந்துவிடும். பழைய பாலத்தில் போனால் ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து மலையைக் கடக்கிற பாதையும் உண்டு; அந்தப் பாதையில் வளைவுகள் அதிகம். என் சின்ன மகளுக்கு வளைவு என்றாலே வயிற்றைப் புரட்டும். தெலுக் கும்பார் வழியிலும் வளைவு இருக்கிறது, ஆனால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. கடைசி அரை கிலோமீட்டர் கம்பத்து (கிராமத்து) சந்து, ஒரு கார்தான் போகும். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும். எங்கள் அல்சா கார் சிரமம் இல்லாமல் நுழைந்தது. பெரிய வேனில் வருகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது வீடு.

தூண்மேல் நிற்கும் பழைய மலாய் மரவீடு. தகரக் கூரை. முன்பக்கம் சிமெண்டுப் படிக்கட்டு ஏறினால் நீளமான திண்ணை. அவர்கள் செராம்பி என்கிறார்கள். உள்ளே கூடம், இரண்டு படுக்கையறைகள். பின்பக்கம் தரைமட்டத்தில் செங்கல் சுவர் எழுப்பிச் சேர்த்த பகுதியில் சமையலறை, சாப்பாட்டு மேசை, இரண்டு குளியலறைகள், பக்கத்திலேயே இன்னொரு படுக்கையறை. அந்தக் கீழ் அறைதான் எனக்கு இந்த வீட்டை எடுக்க வைத்தது. மாமியாருக்கு முட்டி வலி. பழைய மரவீடுகளைப் படத்தில் பார்க்கும்போது ஆசையாக இருக்கும். ஆனால் கழிப்பறைக்கு ராத்திரி ஒவ்வொரு தடவையும் படியிறங்க வேண்டும் என்பதைப் படம் சொல்லாது. இங்கே பின்வாசல் வரைக்கும் கார் வரும். மாமியார் ஒரு படிகூட ஏறாமல் காரில் இருந்து கட்டிலுக்குப் போய்விட்டார். திண்ணைக்குப் போக வேண்டுமானால் மட்டும் உள்பக்கமாக நான்கு மரப்படிகள் ஏற வேண்டும். பிடித்துக்கொள்ள ஒருபக்கம் கைப்பிடி இருக்கிறது. மற்றப் பக்கமும் ஒன்று போட்டால் நன்றாக இருக்கும் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

ஏர்கோன் மேலே ஓர் அறையிலும் கீழ் அறையிலும்தான். மற்ற இடங்களில் காற்றாடி. உண்மையாகச் சொல்கிறேன், மேல் கூடத்தில் ஏர்கோன் தேவைப்படவில்லை. தரைப்பலகைக்குக் கீழே காற்று ஓடுகிறது, ஜன்னல்கள் தரை வரைக்கும் இறங்குகின்றன. பகல் இரண்டு மணிக்குத் தகரம் காயும்போது மட்டும் கொஞ்சம் புழுக்கம்; அந்த நேரத்தில் பிள்ளைகள் வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே பாய் விரித்து விளையாடினார்கள். அங்கே ஓர் ஊஞ்சல் கட்டியிருக்கிறார்கள். செந்தூல் அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் வளர்கிற பிள்ளைகளுக்கு மண் தரையில் நாள் முழுக்க இருப்பது புதிது. கைப்பேசியைப் பிடுங்கி வைக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

வீட்டுக்கு முன்னால் ஒரு கால்வாய். அதைத் தாண்டினால் வயல். நாங்கள் போனபோது நாற்று வேர் பிடித்துப் பச்சையாக நின்றது. கொக்கு நிறைய. கால்வாயில் உடும்பு நீந்துவதைப் பிள்ளைகள் முதல் நாளே கண்டுபிடித்தார்கள், பெரிய உடும்பு. நாத்தனார் பயந்துபோனார். வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே, அது கோழிக்குஞ்சைத்தான் தேடி வரும், மனிதரைக் கண்டால் ஓடிவிடும் என்றார். பினாங்கு என்றால் ஜார்ஜ் டவுன் நெரிசலும் பத்து ஃபிரிங்கி ஹோட்டல்களும் மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பக்கம் கட்டாயம் வர வேண்டும். ஒரே தீவு, நடுவில் ஒரு மலைத்தொடர், அவ்வளவுதான்.

சமையலறையைப் பற்றி நிறைய எழுதப் போகிறேன்.

இரண்டு அடுப்பு கேஸ், பெரிய சிலிண்டர், முழுசாக இருந்தது. சின்னக் கேஸ் டப்பா வைத்து ஏமாற்றவில்லை. அகலமான வாணலி, நீளக் கரண்டிகள், பத்துப் பேருக்குச் சோறு வடிக்கிற பானை, ரைஸ் குக்கர். ஒரு கல் லெசோங் (இடிகல்), நல்ல கனம், இஞ்சி பூண்டு இரண்டு தட்டில் நசுங்கிவிடும். தனியாக ஓர் அலமாரியில் மூன்று சட்டி, ஒரு தோசைக்கல், தட்டு, கரண்டி. மேலே சீட்டு ஒட்டி, இவை மாட்டிறைச்சி படாதவை என்று மலாயில் எழுதியிருந்தது. மாமியாருக்கு வாசித்துச் சொன்னேன். அவர் ஊரில் இருந்து தன் மண்சட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அதைப் பையிலேயே வைத்துவிட்டு, அலமாரியில் இருந்த சட்டியை எடுத்துக் கழுவினார். என் மாமியாரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

மிக்சி இல்லை. தோசை மாவு அரைத்து எடுத்து வாருங்கள், அல்லது கடை மாவு வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய்ப் பால் கவலையே வேண்டாம். பாலிக் புலாவ் பசாரில் தேங்காய் துருவிக் கொடுக்கிறார்கள். கறிவேப்பிலை, முருங்கை, எலுமிச்சம்புல், பிலிம்பிங் (புளிச்சக்காய்) எல்லாம் பின்கட்டிலேயே நிற்கின்றன. கேட்காமலே பறித்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சைவம். முருங்கைக் கீரை பறித்துப் பருப்புப் போட்டுக் கடைந்தோம். அந்த மரத்தை வீட்டுக்காரம்மா தன் சமையலுக்கும் பயன்படுத்துகிறாராம். இரண்டு வீட்டிலும் ஒரே மரத்துக் கீரை.

வீட்டுக்காரம்மாவை மக்சிக் (மலாயில் அத்தை) என்று எல்லோரும் கூப்பிட்டோம், பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். தினமும் காலையில் ஒரு தட்டில் குவே (மலாய்ப் பலகாரம்) கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார், கூப்பிட்டால் மட்டும் உட்காருவார். என் மாமியாரை "ஆச்சி" என்றார், மாமியார் பதிலுக்கு அவரைக் "கக்" (அக்கா) என்றார். மாமியார் பிறந்தது நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில். 19ஆம் நூற்றாண்டில் கரும்பு வெட்டத் தமிழர்களைக் கொண்டுவந்த வட்டாரம் அது. அப்புறம் ரப்பர், இப்போது செம்பனை. லயத்து வீட்டில் வளர்ந்தவருக்கு மலாய் மொழி தண்ணீர் பட்ட பாடு. இரண்டு பேரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தக் காலத்தில் மீன் என்ன விலை, எந்த வேரை அரைத்தால் முட்டி வலி குறையும் என்று மணிக்கணக்காகப் பேசினார்கள். நான் குறுக்கே போகவே இல்லை. மாமனார் போன பிறகு மாமியார் இவ்வளவு நேரம் ஒருவரோடு உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

மீன் வாங்குகிற இடம் புலாவ் பெத்தோங். வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரத்துக்குள். பெயரில் புலாவ் (தீவு) இருந்தாலும் கார் போகிற மீனவர் கம்பம்தான் அது. பிற்பகலில் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வலையில் இருந்து எடுத்த மீனை அங்கேயே தட்டில் கொட்டி நிறுத்துக் கொடுத்தார்கள். கெம்போங், செனாங்கின், சின்னச் சின்ன இறால், நண்டு. செந்தூல் பசாரில் ஐஸில் கிடந்து கண் வெளுத்த கெம்போங்கையே பார்த்துப் பழகிய எனக்கு, செவுள் சிவந்து உடம்பு விறைப்பாக இருந்த அந்த மீனைப் பார்த்ததும் கை தானாகப் பையை நீட்டியது. விலை கே.எல்-லை விடக் குறைவுதான், ஆனால் இலவசம் மாதிரி எதிர்பார்த்துப் போகாதீர்கள். எந்த நேரம் படகு வரும் என்பது ஏற்றவற்றத்தைப் பொறுத்தது. மக்சிக்கிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அன்று ராத்திரி மாமியார்தான் கறி வைத்தார். புளி குறைவாகப் போட்டு, பிலிம்பிங்கை நான்காகக் கீறிப் போட்டார். கறி கொதித்த வாசனை வயல் வரைக்கும் போயிருக்கும். மக்சிக் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தோம். காலி கிண்ணத்தைத் திருப்பித் தரக் கூடாது என்று அதில் ஊறுகாய் போட்ட ஜாதிக்காயை நிரப்பி அனுப்பினார்.

இந்த ஜாதிக்காயைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் கொட்டையையும் அதன்மேல் இருக்கும் சிவப்பு ஜாதிபத்திரியையும்தான் சமையலுக்கும் மருந்துக்கும் எடுக்கிறோம். பினாங்கில் பழத்தின் சதையையே சாப்பிடுகிறார்கள். சீவிச் சர்க்கரையில் ஊறவைத்தது, வெயிலில் காய வைத்தது, சாறு பிழிந்தது என்று பாலிக் புலாவில் கடைக்குக் கடை கிடைக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மொலுக்காஸ் தீவுகளில் இருந்து இங்கே கொண்டுவந்து நட்ட பயிர். 1860 வாக்கில் நோய் விழுந்து தோட்டம் தோட்டமாக அழிந்தது. அதில் தப்பியும் திரும்ப நட்டும் வந்ததுதான் இன்றைக்கு மலைச்சரிவில் நிற்பது. மலைப்பாதையில் வாயில் ஒரு துண்டு காய்ந்த ஜாதிக்காயை அடக்கிக்கொண்ட பிறகு என் மகள் வாந்தி எடுக்கவில்லை. மருந்தா, நம்பிக்கையா என்று நான் ஆராயவில்லை. இரண்டு பொட்டலம் வாங்கி வந்திருக்கிறேன்.

டுரியானுக்கு வருகிறேன். ஹோட்டல் எதிலும் டுரியானை உள்ளே விடமாட்டார்கள், வாசலிலேயே படம் போட்டுக் கோடு கிழித்திருப்பார்கள். டுரியான் காலத்தில் பினாங்குக்கு வந்து அதைச் சாலையோரத்தில் அவசரமாகத் தின்றுவிட்டுக் கை கழுவத் தண்ணீர் தேடுவதுதான் வழக்கமாக நடப்பது. இங்கே மக்சிக்கே பழைய செய்தித்தாளும் ஒரு பாராங் கத்தியும் எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். வீட்டுக்குள் அறையில் மட்டும் வேண்டாம், திண்ணையில் எவ்வளவு வேண்டுமானாலும் என்றார். நியாயமான விதி.

பினாங்கு டுரியான் என்றால் முசாங் கிங் கேட்டு நிற்காதீர்கள். அது எங்கும் கிடைக்கும். இந்த மலைகளில் பழைய மரங்கள்; அங் ஹே, ஹோர் லோர், குன் போ என்று ஹொக்கியன் (சீன மொழி) பெயர்கள். அங் ஹே தான் உடாங் மேரா, D175 என்று பதிவானது; சதை செம்மஞ்சள், இனிப்பும் லேசான கசப்பும் சேர்ந்து வரும். பழம் தானாக விழும் வரை காத்திருந்து எடுக்கிறார்கள், விழுந்த அன்றே சாப்பிட்டால்தான் அதன் ருசி. நாங்கள் முதலில் பெரிய சாலையோரக் கடை ஒன்றில் வாங்கியதில் அங் ஹே என்று சொல்லிக் கொடுத்த பழம் அதுவாக இல்லை. வெளிறிப்போய், தண்ணீர் கோத்து இருந்தது. மறுநாள் மக்சிக்கின் கணவர் பக்சிக், தனக்குத் தெரிந்த தோட்டத்துக்கு என் கணவரைக் கூட்டிப் போனார். கிலோ 45 வெள்ளி. மலிவில்லை. ஆனால் அந்தப் பழத்தைத் தின்றுவிட்டு ஒருவரும் வெகுநேரம் பேசவில்லை. மாமியாருக்குச் சர்க்கரை, ஒரு சுளை மட்டும் வாங்கிக்கொண்டு அதை அரை மணி நேரம் சாப்பிட்டார்.

கடலுக்கு வருகிறேன். வீட்டு விளம்பரத்தில் கடலுக்குப் பக்கம் என்று போட்டிருக்கிறார்கள். பக்கம்தான், ஆனால் வாசலில் இறங்கிக் கால் நனைக்கிற பக்கம் இல்லை. சுங்கை பூரோங் பக்கத்துக் கரை சேறும் அலையாத்தி மரமும். நண்டு பார்க்கலாம், குளிக்க முடியாது. மணல் வேண்டுமானால் புலாவ் பெத்தோங்கைத் தாண்டிப் பந்தாய் பாசிர் பாஞ்சாங்குக்குப் போக வேண்டும். நீளமான, அமைதியான கரை. கடைகள் நெருக்கி நிற்காத இடம். மேற்கே பார்த்த கடல் என்பதால் சூரியன் மறைவதை முழுசாகப் பார்க்கலாம். ஜூனில் மாலை ஏழரையைத் தாண்டித்தான் மறைகிறது, அதற்குத் தகுந்தாற்போல் கிளம்புங்கள்.

ஆனால் பிள்ளைகளை முட்டிக்கு மேலே தண்ணீரில் விடாதீர்கள். அலை திரும்பும்போது காலை இழுக்கிறது. நாங்கள் இருந்த நேரம் முழுக்க உயிர்காப்பாளர் யாரும் கண்ணில் படவில்லை. ஜெல்லி மீன் கரையில் ஒதுங்கிக் கிடந்தது, அதைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி பினாங்கில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு வந்த குடும்பங்களும் அதில் உண்டு. பாசிர் பாஞ்சாங்கும் அன்று அடிபட்ட கரைதான். மாமியார் அதை மறக்கவில்லை. மணலில் இறங்காமல் மர நிழலில் பாய் போட்டு உட்கார்ந்து, பேரப்பிள்ளைகள் தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தார். அவரை இறங்கச் சொல்லி நாங்களும் வற்புறுத்தவில்லை.

ஆமை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தெலுக் பஹாங்குக்குப் போய், 2003-இல் அறிவித்த பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் பந்தாய் கெராச்சுட் வரை படகு எடுக்கலாம். அங்கே ஆமைக் காப்பகம் இருக்கிறது, உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும் ஓர் ஏரியும் இருக்கிறது. நாங்கள் போனபோது ஏரியில் தண்ணீர் குறைவு. போகிற வழியில் தீத்தி கெராவாங் பக்கம் பழக்கடைகள்; குரங்குகளும் உண்டு, பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பகல் முழுக்கப் போய்விடும். பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போவது நல்லது.

சாப்பாட்டுக்கு வெளியே போனது மிகக் குறைவு. பாலிக் புலாவ் டவுனில் லக்சா சாப்பிட்டோம். இங்கே இரண்டு வகை, அசாமும் சியாமும். அசாம் லக்சா நமக்குத் தெரிந்த புளிப்பு, மீன், கந்தான் பூ (இஞ்சி வகைப் பூ). சியாம் லக்சாவில் தேங்காய்ப் பால் சேர்கிறது. என் ஓட்டு சியாமுக்கு. காலையில் மாமாக் (இந்திய முஸ்லிம்) கடை ரோத்தி சானாய், பிள்ளைகளுக்கு அது போதும்.

இனி குறைகள். வீட்டுக்காரம்மா நல்லவர் என்பதற்காக இவற்றை மறைக்க முடியாது.

முதலாவது அந்தக் கால்வாய். வாசலில் இருந்து இருபது அடி தூரம்கூட இல்லை, தடுப்பு எதுவும் கிடையாது. எங்கள் பிள்ளைகள் பள்ளி வயது, சொன்னால் கேட்பார்கள். நாத்தனாரின் கடைக்குட்டிக்கு மூன்று வயது. நாள் முழுக்க யாராவது ஒருவர் அவன் பின்னாலேயே இருக்க வேண்டியிருந்தது. தவழும் குழந்தை, ஓடப் பழகும் குழந்தை இருப்பவர்கள் தடுப்பு போட்ட பிறகே இந்த வீட்டை எடுங்கள். நான் இதை மக்சிக்கிடம் நேராகச் சொன்னேன். வயலுக்கு இயந்திரம் வர வழி வேண்டும், அதனால் வேலி போட முடியவில்லை என்றார். முன்வாசல் அளவுக்காவது ஒரு கதவு போடலாமே என்றேன். பக்சிக் பார்க்கிறேன் என்றிருக்கிறார். இது பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை.

அடுத்தது தண்ணீர். மாலை ஆறு மணிக்கு மேல் குழாயில் வேகம் குறைகிறது. ஒன்பது பேர் கடலில் இருந்து மணலோடு திரும்பி வந்தால் வரிசையில்தான் நிற்க வேண்டும். வெந்நீர் ஒரு குளியலறையில் மட்டும். கீழ்த் தளத்துக் குளியலறைத் தரை ஈரமானால் வழுக்குகிறது. மாமியாருக்காக நாங்கள் ஒரு ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டு, அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

கொசு உண்டு. வயலோரம், கால்வாயோரம், வேறு எப்படி இருக்கும்? எல்லாக் கட்டிலுக்கும் வலை கொடுத்திருக்கிறார்கள், நல்ல வலை, கிழிசல் இல்லை. சாயங்காலம் திண்ணையில் உட்கார கொசுவர்த்தி நீங்களே கொண்டுபோங்கள். நான்கு சைக்கிள் இருக்கின்றன, இலவசம். அதில் ஒன்றுக்கு பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, ஏறும் முன் சோதித்துப் பாருங்கள். இணையம் கூடத்தில் கிடைக்கும், கீழ் அறைக்கு எட்டாது. என் கணவர் ஒரு நாள் காலை அலுவலகக் கூட்டத்துக்குத் திண்ணையில் உட்கார்ந்தார், சேவல் கூவுவது அந்தப் பக்கம் கேட்டிருக்கும். சேவல் நான்கு மணிக்கே தொடங்குகிறது. சூராவில் (சிறிய தொழுகை இடம்) இருந்து பாங்கும் விடியலில் கேட்கும். மாமியார் எப்படியும் அந்த நேரத்தில் எழுந்து விளக்கேற்றுகிறவர். அவருக்கு அது பொருத்தமாகவே இருந்தது. விளக்கு ஏற்றலாமா என்று மக்சிக்கிடம் கேட்டோம். மரவீடு, தீ பத்திரம், கீழே சிமெண்டுத் தரையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தட்டும் கொடுத்தார்.

வாடகை வார நாளில் ஓர் இரவுக்கு 380 வெள்ளி, வெள்ளிக்கிழமை, சனிக்கிழமையிலும் பள்ளி விடுமுறையிலும் 450. முழு வீடும் அதில் அடக்கம். ஒன்பது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 50 வெள்ளி. அதே விடுமுறையில் கடற்கரை ஹோட்டலில் எங்களுக்கு மூன்று அறை வேண்டியிருக்கும், அடுப்பும் இருக்காது. முன்பணம் 200 வெள்ளி. கிளம்பும் நாளில் மக்சிக் வந்து அடுப்பையும் கேஸையும் மட்டும் பார்த்துவிட்டு, அங்கேயே முழுசாக எண்ணிக் கொடுத்தார். சமையலறையில் அப்போதும் மீன் கறி வாசனை இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நடக்கச் சிரமப்படும் பெரியவர், பள்ளி வயதுப் பிள்ளைகள், சமைக்கப் பிடித்தவர்கள் சேர்ந்த குடும்பத்துக்கு நான் தயங்காமல் சொல்வேன். இரண்டே பேராகப் போகிறவர்களுக்கு இது தேவைக்கு மீறிய வீடு. சின்னக் குழந்தை இருப்பவர்கள் கால்வாய்க் கதவு போட்டாயிற்றா என்று முதலில் கேளுங்கள். டுரியான் காலத்தில், ஜூன் ஜூலைக்கு, இரண்டு மாதம் முன்னாடியே சொல்லி வைக்க வேண்டும். போன் செய்யும்போதே கீழ் அறை வேண்டும் என்றும், தனிச் சட்டி வேண்டும் என்றும் சொல்லிவிட்டால் மக்சிக் எல்லாம் எடுத்து வைத்திருப்பார்.